இம்ப்ளான்ட் வைக்கும் முன் கேட்க வேண்டியவை: வாசகர் கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் அபட்மென்ட் என்னும் இணைப்பையும் கேப்பையும் பொருத்தும் இம்ப்ளான்ட் சிகிச்சை குறித்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை ‘எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட் நல்லது?’ என்றே தொடங்குகின்றன. அந்தக் கேள்வியை நான் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். எங்கே, எந்தக் கோணத்தில், எப்போது, யாருக்கு என்ற திட்டம் சரியாக அமைந்தால் தரமான எந்த இம்ப்ளான்ட்டும் நிலைக்கும். திட்டம் பிசகினால் விலை உயர்ந்ததும் நிலைக்காது. ஆகவே திட்டமிடலைத் தொடும் கடிதங்களையே இங்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு வயது 54. கீழ்த்தாடையில் வலப்புறக் கடைவாய்ப் பல்லை ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்துவிட்டேன். இப்போது இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று போனால், ஏற்கெனவே எடுத்த ஓ.பி.ஜி. எக்ஸ்ரே போதாது, சிபிசிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இது உண்மையில் தேவையா, இல்லை வீண் செலவா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தங்கள் விஷயத்தில் தேவை என்பதே என் கருத்து. ஓ.பி.ஜி. என்பது வளைந்த தாடையைத் தட்டையாக விரித்துக் காட்டும் படம். அதில் எலும்பின் உயரம் ஓரளவு தெரியும். ஆனால் உருவம் சற்றுப் பெரிதாகவே பதிவாகும், அந்தப் பெருக்கமும் கருவிக்குக் கருவி, தாடையின் இடத்துக்கு இடம் மாறும். எலும்பின் அகலம் அதில் தெரியவே தெரியாது. சிபிசிடி என்னும் கூம்புக்கதிர் ஸ்கேன், தாடையை மெல்லிய குறுக்குவெட்டுகளாக முப்பரிமாணத்தில் காட்டுவதால், எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்பதை அளந்து பார்க்க முடிகிறது.

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பகுதியில் இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே எலும்புக்குள் ஒரு கால்வாய் வழியாகக் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனிக்கும் இந்த நரம்புக்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. நரம்புக்கு மேலே 12 மி.மீ. எலும்பு இருந்தால் 10 மி.மீ. நீளமுள்ள திருகுதான் போட முடியும். நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப் போவது மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். நாக்குப் பக்கத்தில் இந்த எலும்பு உள்வாங்கிக் குழிந்திருப்பதும் உண்டு. ஓ.பி.ஜி.யில் உயரம் தாராளமாகத் தெரிகிற ஒருவருக்கு, ஸ்கேனின் குறுக்குவெட்டில் பார்த்தால் துளையிடும் கருவி நேராக அந்தக் குழிக்குள் வெளியேறிவிடும் என்பது தெரியவரும்.

எலும்பு மட்டுமே கணக்கில்லை. பல் போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன என்பதால், மேலே இருக்கும் எதிர்ப்பல் கீழே இறங்கியிருக்கலாம், பின்னால் இருக்கும் பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம். 4 மி.மீ. குறுக்களவுள்ள திருகை வைத்து, இருபுறமும் பக்கத்துப் பல்லின் வேருக்கு 1.5 மி.மீ. இடம் விட்டால், 7 மி.மீ. இடைவெளி அங்கே இருந்தாக வேண்டும். கேப்புக்கான உயரமும் வேண்டும். ஆகவே நல்ல திட்டம் என்பது கேப்பிலிருந்துதான் தொடங்கும்: முதலில் கணினித் திரையில், பல் எந்த இடத்தில் எப்படிக் கடிக்க வேண்டுமோ அங்கே கேப்பை வரைவார்கள், பிறகு நரம்புக் கால்வாயை நிறக் கோடாகக் குறித்துக்கொள்வார்கள், அதன் பின்னரே கேப்பின் நடுவுக்கு நேர்கீழே திருகை நிறுத்திப் பார்ப்பார்கள். எலும்பு இருக்கும் இடத்தில் திருகைப் போட்டுவிட்டு, கேப்பை எப்படியாவது அதன்மேல் வளைத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கத்தை இந்த முறை ஒழித்திருக்கிறது. தங்கள் ஸ்கேனையும் அப்படித் திரையில் திறந்து காட்டும்படி கேளுங்கள். காட்டி விளக்குவது மருத்துவரின் கடமை.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் வேண்டாம். மருத்துவமனைகளில் எடுக்கும் வழக்கமான சி.டி. ஸ்கேனைவிட இதில் கதிர்வீச்சு பொதுவாகக் குறைவு. ஒரு பல்லுக்காக முகம் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. தேவையான பகுதியை மட்டும் எடுக்கும் சிறிய அளவு ஸ்கேன் போதும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘மூன்றே நாளில் நிலையான பற்கள்’ என்று எங்கள் ஊரில் எங்கு பார்த்தாலும் விளம்பரம். என் நண்பருக்கு இன்னொரு மருத்துவர் நான்கு மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இருவருமே சரியாக இருக்கக்கூடும், யாருடைய வாயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. இதை விளக்க, சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

1952ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்பு மஜ்ஜையில் ரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்க முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப் போயிருந்தது. டைட்டானியத்தின் மேற்பரப்பில் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உடல் அந்நியப் பொருளாக ஒதுக்காமல், எலும்புச் செல்கள் அதன்மீதே ஒட்டி வளர்கின்றன. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக அவர் இம்ப்ளான்ட்டுகளைப் பதித்தார். லார்சன் 2006இல் மறையும்வரை அவை பயன்பாட்டில் இருந்தன. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே வட அமெரிக்கப் பல் மருத்துவ உலகம் இதை முழுமையாக ஏற்றது. பிரோனெமார்க் வகுத்த முறையில், திருகை ஈறுக்குள் புதைத்து, கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டும். இன்றைய இம்ப்ளான்ட்டுகளின் மேற்பரப்பை மணல் வீச்சாலும் அமிலத்தாலும் சொரசொரப்பாக்குவதால் எலும்பு விரைவாகப் பற்றுகிறது. காத்திருக்கும் காலமும் பலருக்குச் சுருங்கியிருக்கிறது.

அப்படியானால் மூன்றாம் நாளே பல் எப்படிச் சாத்தியம்? திருகைப் பதித்த அன்று அது அசையாமல் நிற்பதற்குக் காரணம், திருகின் மரைகள் எலும்பைக் கவ்வியிருப்பதுதான். எலும்பு இன்னும் ஒட்டவில்லை. அடுத்த சில வாரங்களில், மரைகள் அழுத்திய பழைய எலும்பை உடல் கரைத்து அகற்றுகிறது, புதிய எலும்பு மெல்ல உருவாகிறது. பழைய பிடி தளர்ந்து புதிய பிடி வலுப்பெறாத அந்த இடைக்காலம், ஏறத்தாழ மூன்றாவது நான்காவது வாரத்தில் வருகிறது. பல் பொருத்திய மூன்றாம் நாளில் எல்லாம் நன்றாக இருந்தது என்று மகிழ்ந்தவருக்கு, சோதனை வருவது இந்த வாரங்களில்தான். அப்போது திருகு நுண்ணிய அளவில் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு சூழ்ந்துகொள்ளும். பிறகு அந்த இம்ப்ளான்ட்டைக் காப்பாற்ற முடியாது.

ஆகவே உடனடியாகப் பல் பொருத்துவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. திருகு இறங்கும்போது அதைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை பொதுவாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவாவது இருக்க வேண்டும். பற்கள் முழுவதும் இல்லாதவருக்கு நான்கு அல்லது ஆறு இம்ப்ளான்ட்டுகளை ஒரே வளைவாகப் பிணைத்துவிட்டால், ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு எதுவும் தனியாக ஆடாது. லிஸ்பனைச் சேர்ந்த பல் மருத்துவர் பாலோ மாலோ பரப்பிய, நான்கு இம்ப்ளான்ட்டுகளில் ஒரு தாடைப் பற்கள் முழுவதையும் நிறுத்தும் முறை இந்த அடிப்படையில் அமைந்தது. அதில் பின்பக்கத் திருகுகளைச் சாய்த்துப் பதிப்பதால், மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு மேலுள்ள சைனஸ் என்னும் காற்றறையையும் கீழ்த்தாடையில் நரம்பையும் தவிர்க்க முடிகிறது. ஆனால் தனியொரு கடைவாய்ப் பல்லுக்கு அப்படிப்பட்ட துணை கிடையாது. அங்கே அவசரப்படக் காரணமே இல்லை.

விளம்பரங்களில் வரும் ‘மூன்று நாள்’ முறைகளில் பல, எலும்பின் அடர்த்தியான வெளிப்பட்டையில் ஊன்றும் ஒரே துண்டு இம்ப்ளான்ட்டுகளைப் பயன்படுத்துகின்றன. எலும்பு மிகக் குறைந்துபோன சிலருக்கு, பயிற்சி பெற்ற கைகளில் அவை உதவுகின்றன. ஆனால் வழக்கமான இம்ப்ளான்ட்டுக்கு இருக்கும் அளவு நீண்டகாலச் சான்றுகள் இவற்றுக்கு இல்லை. பின்னால் ஒன்றில் மட்டும் பழுது வந்தால், சிமென்ட் வைத்து ஒட்டிய முழு வரிசையையும் கழற்ற நேரிடும். நன்றாக இருக்கும் சொந்தப் பற்களையும் பிடுங்கிவிட்டு முழு வரிசை வைக்கலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். பிடுங்கிய பல்லை யாராலும் திருப்பித் தர முடியாது.

உடனே பற்கள் பொருத்திக்கொண்டவர்கள் முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள் இட்லி, குழைந்த சாதம், கஞ்சி போன்ற மெல்லிய உணவையே உண்ண வேண்டும். முறுக்கும் கரும்பும் பல் கிடைத்த மகிழ்ச்சியில் வாய்க்குள் போனால், திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: கம்ப்யூட்டர் வழிகாட்டி வைத்து இம்ப்ளான்ட் போடுவதாகவும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்கிறார்கள். ரோபோவே போடும் காலம் வந்துவிட்டது என்றும் படித்தேன். கையால் போடுவதைவிட இது உண்மையிலேயே மேலானதா? (வாசகர், ஈரோடு)

பதில்: முன்பு சொன்ன திரைத் திட்டத்தை அப்படியே வாய்க்குள் கொண்டுவரும் வழி இது. ஸ்கேனில் எலும்பு துல்லியமாகத் தெரியும், ஆனால் ஈறும் பல்லின் மேற்பரப்பும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. எனவே வாய்க்குள் விட்டு எடுக்கும் சிறு கேமரா ஸ்கேனரால் பற்களைத் தனியாகப் பதிவு செய்து, இரண்டையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். திட்டம் முடிந்ததும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், பற்களின்மேல் கச்சிதமாக உட்காரும் ஒளி ஊடுருவும் தகடு ஒன்று அச்சாகி வருகிறது. திருகு இறங்க வேண்டிய இடத்தில் அதில் ஒரு குழல் இருக்கும். துளைக்கும் கருவி அந்தக் குழலின் வழியாக மட்டுமே, திட்டமிட்ட ஆழம்வரை மட்டுமே இறங்கும்.

இந்தத் தகட்டில் ஆங்காங்கே சிறிய சன்னல்கள் விட்டிருப்பதைப் பார்க்கலாம். தகடு முழுவதும் படிந்திருந்தால் அந்தச் சன்னல் வழியே பல்லின் முனை இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். ஒரு பக்கம் சற்றே தூக்கி நின்றாலும் துளையின் கோணம் பிசகிவிடும் என்பதால், அதைச் சரிபார்க்காமல் துளையிடத் தொடங்கக் கூடாது. மற்றொரு கவனமும் வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும் என்று 1983இல் வெளியான ஆய்வு காட்டியது. தகடு மறைத்துக்கொள்வதால் குளிர்ந்த உப்பு நீர் துளைக்குள் எளிதில் போகாது. அதனால் மருத்துவர் கருவியை அடிக்கடி மேலே எடுத்து எடுத்துத் துளையிடுவார். நேரம் கூடுகிறதே என்று தாங்கள் பொறுமை இழக்க வேண்டாம்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, தகடு வைத்துப் பதித்தாலும் திட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான விலகல் இருக்கவே செய்கிறது. நரம்புக்கு 2 மி.மீ. விட வேண்டும் என்ற விதியை இந்தத் தொழில்நுட்பம் வந்த பின்னும் தளர்த்தாததன் காரணம் இதுதான். கையால் பதிப்பதோடு ஒப்பிட்டால் விலகல் குறைவு. முன்பல் பகுதி, அடுத்தடுத்துப் பல இம்ப்ளான்ட்டுகள், நரம்பையோ சைனஸையோ ஒட்டிய இடங்கள் ஆகியவற்றில் இந்தக் கூடுதல் செலவு நியாயமானது என்பேன். தாராளமான எலும்பும் இருபுறமும் பற்களும் உள்ள ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு, அனுபவமுள்ள மருத்துவர் தகடு இல்லாமலே நன்றாகப் பதிப்பார்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாக்கு, பான் மசாலா பழக்கத்தால் வாய்ச் சவ்வு இறுகி, வாய் போதிய அளவு திறக்காத பலரை நாம் தமிழ்நாட்டில் பார்க்கிறோம். தகட்டின் உயரத்தையும் சேர்த்து நீளமான துளைக்கருவி தேவைப்படுவதால், அவர்களுக்குக் கடைவாய்ப் பகுதியில் இந்த முறை பெரும்பாலும் ஒத்துவராது. அதைவிட முக்கியமாக, அந்தச் சவ்வு இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால், இம்ப்ளான்ட் பேச்சுக்கு முன் அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

ரோபோவைப் பற்றி: அமெரிக்காவில் ‘யோமி’ என்ற கருவிக்கு 2016இல் அனுமதி கிடைத்தது, அதில் மருத்துவரே துளையிடுவார், ரோபோக் கை வழி தவறாமல் பிடித்துக்கொள்ளும். 2017இல் சீனாவின் சியான் நகரில் ரோபோ தானாகவே இம்ப்ளான்ட் பதித்தது. இவையும் மனிதர் போட்ட திட்டத்தையே நிறைவேற்றுகின்றன. தவறான திட்டத்தை ரோபோ மிகத் துல்லியமாகத் தவறாகவே செய்து முடிக்கும்.

கேள்வி: சர்க்கரை நோய் 15 ஆண்டுகளாக இருக்கிறது, இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். எனக்கு இம்ப்ளான்ட் வைக்க முடியாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். (வாசகர், வேலூர்)

பதில்: முடியும். அன்றைய காலைச் சர்க்கரை அளவு மட்டும் போதாது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது 7க்கு அருகில் கட்டுக்குள் இருந்தால் பொதுவாகத் தயக்கமில்லை. 8ஐத் தாண்டினால் சில மாதம் தள்ளிவைத்து, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வருவதே நல்லது. அறுவைக்குக் காலை உணவும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வெறும் வயிற்றோடு வர வேண்டாம். இதய மாத்திரையைத் தாங்களாகவோ பல் மருத்துவரின் வாய்வார்த்தையாலோ நிறுத்தவே கூடாது. ஈறில் வரும் ரத்தக் கசிவைத் தையலாலும் அழுத்தத்தாலும் நிறுத்திவிடலாம், இதயக் குழாயில் வரும் அடைப்பை அப்படிச் சமாளிக்க முடியாது. இதய மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்தோடு வாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோல்வி ஏறத்தாழ இரு மடங்கு.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறேன். இதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். தாங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் ஜோலெட்ரோனிக் அமிலமாக இருக்கும். இதுவும், வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் எலும்பு கரைவதைத் தடுப்பவை. எலும்பு புதுப்பிக்கப்படும் வேகமும் இதனால் குறைவதால், பல் எடுத்தாலோ துளையிட்டாலோ தாடை எலும்பு ஆறாமல் அழுகிப் போகும் அபாயம் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்காக இவற்றைப் பெறுபவர்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. நன்கு விளக்கிச் சம்மதம் பெற்ற பின் இம்ப்ளான்ட் வைக்கலாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக இதே மருந்துகளை அதிக அளவிலும் அடிக்கடியும் பெறுபவர்களுக்கு இம்ப்ளான்ட்டைத் தவிர்ப்பதே சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல் வேலைக்காக டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. ஊசியை எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசி, எந்த மாதத்தில் அறுவையை வைப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

கேள்வி: என் தந்தைக்கு மேல்தாடைக் கடைவாய்ப் பகுதியில் எலும்பே இல்லை, ‘சைனஸ் லிஃப்ட்’ செய்து எலும்புத்தூள் வைக்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தூள் மாட்டு எலும்பு என்று கேள்விப்பட்டு அவர் மறுக்கிறார். வேறு வழி உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: தந்தையின் தயக்கம் மதிக்கப்பட வேண்டியது, வழியும் உண்டு. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு மேலே காற்று நிரம்பிய சைனஸ் அறை இருக்கிறது. பல் போனபின் எலும்பு கீழிருந்து கரைய, சைனஸ் மேலிருந்து இறங்க, இடையே சில மில்லிமீட்டர்களே எஞ்சும். (பல் எடுத்த முதல் ஆண்டிலேயே எலும்பின் அகலத்தில் பாதிவரை குறையக்கூடும் என்பதையும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது என்பதையும் பல் எடுக்கப் போகிறவர்கள் நினைவில் கொள்வது நல்லது.) சைனஸின் அடியில் உள்ள மெல்லிய சவ்வைக் கிழிக்காமல் மேலே தள்ளி, கிடைத்த இடத்தில் எலும்புப் பொருளை நிரப்புவதே இந்தச் சிகிச்சை. 5 மி.மீ.க்கு மேல் எலும்பு இருந்தால், திருகுக்கான துளை வழியாகவே சவ்வை உயர்த்தி அன்றே இம்ப்ளான்ட்டும் வைக்கலாம். அதற்குக் குறைவானால் கன்னப் பக்கமாக எலும்பில் சன்னல் வெட்டிச் செய்ய வேண்டியிருக்கும். பலருக்கு இம்ப்ளான்ட்டுக்காக ஆறு மாதமாவது காத்திருக்க நேரும்.

நிரப்பும் பொருள் நான்கு வகை: நோயாளியின் சொந்த எலும்பு, தானமாகப் பெற்ற மனித எலும்பு, விலங்கு எலும்பு, கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருள். விலங்கு எலும்புத்தூள் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்து, தாதுப்பகுதி மட்டும் எஞ்சும்படி பதப்படுத்தப்படுகிறது. அதை மூடும் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருகிறது என்பதைப் பலரும் கேட்பதே இல்லை. எந்தப் பொருள், எங்கிருந்து என்பதைச் சம்மதப் படிவத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். செயற்கைப் பொருளை மட்டுமே பயன்படுத்தும்படி கோரத் தந்தைக்கு முழு உரிமை உண்டு. நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ‘பி.ஆர்.எஃப்.’ என்னும் பிசின் போன்ற படலம் ஈறு ஆறுவதற்குத் துணைபுரியும். ஆனால் அதுவே எலும்புக்கு மாற்று என்று சொன்னால் ஏற்க வேண்டாம்.

6 மி.மீ. நீளமுள்ள குட்டை இம்ப்ளான்ட்டுகளும் இன்று கிடைக்கின்றன. எஞ்சியுள்ள எலும்பு அதற்குப் போதுமா என்பதை ஸ்கேனில் அளந்து சொல்லும்படி முதலில் கேட்டுப் பாருங்கள். போதுமானால் எலும்பு நிரப்பும் பேச்சே எழாது.

கேள்வி: கிரிக்கெட் விளையாடும்போது 15 வயது மகனின் முன்பல் போய்விட்டது. உடனே இம்ப்ளான்ட் வைக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இப்போது வேண்டாம். இயற்கைப் பற்கள் தாடை வளர வளரச் சேர்ந்து இறங்கும். எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்ட் போட்ட இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகி, ஈறு வரிசையும் பிசகி, பின்னால் திருத்துவது மிகக் கடினமாகிவிடும். பையன்களுக்கு 20, 21 வயதுவரை காத்திருப்பது வழக்கம். அப்போதும் வளர்ச்சி நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டே தொடங்க வேண்டும். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒட்டும் ‘பிரிட்ஜ்’ என்னும் மாற்றுப் பல், பல்லைச் செதுக்காமலே அழகைக் காப்பாற்றித் தரும். பல் வேரோடு விழுந்த பிற குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு வார்த்தை: வேரைத் தேய்க்காமல், பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள், அதே பல்லை மீண்டும் நட வாய்ப்பு உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. கீழ்ப் பல் செட் சாப்பிடும்போது மிதக்கிறது. முழு வரிசை இம்ப்ளான்ட்டுக்கு எங்களிடம் வசதியில்லை. (வாசகர், விழுப்புரம்)

பதில்: முழு வரிசை தேவையே இல்லை. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட்டுகள் வைத்து, அவற்றின் தலையில் பொத்தான் போன்ற பிடிப்பை அமைத்து, அம்மாவின் பல் செட்டை அதன்மேல் அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். இரவில் கழற்றிக் கழுவலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பற்கள் முழுவதும் இழந்த கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய சிகிச்சை இதுவே என்று அறிவித்தார்கள். அந்த முன்பகுதியில் வயதானவர்களுக்கும் எலும்பு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். பிடிப்பில் உள்ள நைலான் வளையத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும், அது சிறு செலவுதான். சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரித்துப் பாருங்கள். பணம் குறைவு என்பதால் அம்மா கஞ்சியோடு நின்றுவிட வேண்டியதில்லை.

கேள்வி: இம்ப்ளான்ட் வைத்தவர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. அந்த இடத்தில் மட்டும் படம் சற்று மங்கலாகும். பல் செட்டைக் காந்தத்தால் பிடிக்க வைத்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் வைத்த இம்ப்ளான்ட்டைச் சுற்றித் துலக்கும்போது ரத்தம் வருகிறது, கேப்பும் லேசாக ஆடுகிறது. வலி இல்லை என்பதால் விட்டுவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: விட்டுவிடக் கூடாது. இயற்கைப் பல்லைச் சுற்றி வேருக்கும் எலும்புக்கும் இடையே நார்கள் இருக்கின்றன, அவை கிருமிகள் இறங்குவதை ஓரளவு தடுக்கும். வலியையும் அழுத்தத்தையும் உணர்த்தும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார்கள் இல்லை. அதனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரையும்போதுகூட வலி தெரியாமல் போகும். வீக்கம் ஈறோடு நின்றிருந்தால், முறையாகச் சுத்தம் செய்தால் முழுவதும் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், கரைந்தது திரும்ப வளர்வது அரிது, மேலும் கரையாமல் தடுக்கத்தான் போராட வேண்டியிருக்கும். வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் இது தீராது. கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தால், ஈறுக்கடியில் எஞ்சிய சிமென்ட் துணுக்கே காரணமாக இருக்கலாம். திருகால் பொருத்தும் கேப்புகளை இன்று பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடுவது கேப்பா, இம்ப்ளான்ட்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கும். அதை மீண்டும் இறுக்கினால் போதும், அப்போது கேப்பின் கடியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இம்ப்ளான்ட்டே ஆடினால் அதை எடுத்துவிட்டு, எலும்பு ஆறியபின் புதிதாகத் திட்டமிட வேண்டும். இணைப்புத் திருகின் தலை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், அதற்குரிய சாவியும் வேறு. இம்ப்ளான்ட் வைத்தபோது டப்பாவில் ஒட்டியிருந்த, கம்பெனியின் பெயரும் குறுக்களவும் நீளமும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரைத் தங்கள் சிகிச்சை அட்டையில் ஒட்டித் தந்திருப்பார்கள். அந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கிடைக்காவிட்டால் சிகிச்சை செய்த இடத்தில் கேட்டால் பதிவேட்டில் இருக்கும். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.